எங்கட ஆக்கள் இல்லாத தண்ணீர்

9 ஆகஸ்ட் 2025, சனி

இன்றைக்குக் கம்பியை விட்டுவிட்டேன். நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஓடுகிற கம்பியைத்தான் சொல்கிறேன். சித்திரை மாதத்திலிருந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நீச்சல் பழக்குகிற ருமைஸா எனக்கு முன்னால் நின்று, பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டே, "வாங்க அக்கா, என்னத் தொடுங்க பாப்பம்" என்றாள். தொடுவோம் என்று போனேன், அவள் இன்னும் பின்னுக்குப் போனாள். கடைசியில் தொட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் குளத்தின் மறுபக்கம்.

ஐம்பத்தொரு வயதில் ஒரு மனுசி நீந்திவிட்டாள். ஊருக்கே சொல்லவேண்டிய செய்தி. அதனால்தான் ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.

ருமைஸா காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம் ஒதுக்கி, கண்ணாடியெல்லாம் திரை போட்டு மூடிப் பழக்குகிறாள். வருகிறவர்கள் அநேகமாக அவளுடைய சொந்தக்காரப் பெண்கள். என்னைத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. அந்தத் திரையும் அந்தத் தெரியாமையும்தான் எனக்கு வேண்டியிருந்தன.

வீட்டில் நான் யோகாவுக்குப் போவதாக நினைப்பு. இன்றைக்கு சிறிதரன் என் தலையைப் பார்த்துவிட்டு, "யோகாவில இவ்வளவு நனையுமோ?" என்று கேட்டார். சூடாக்கின அறையில் செய்கிற யோகா என்றேன். மனுசன் நம்பிவிட்டார். சிக்னல் எஞ்சினியராக இருந்து ரயில்களை எப்படித்தான் மோதாமல் வைத்திருக்கிறாரோ.

புருசனுக்கே ஏன் ஒளிக்கவேண்டும்? கார் ஓடப் பழகின கதையால்தான். சிட்னிக்கு வந்த புதிதில் இளங்கீரனிடம் பழகினேன். நல்ல மனிதர். ஆனால் நாங்கள் இருக்கிற டூங்கபியில் பாதிப்பேருக்கு அவர்தான் பழக்குகிறார். நான் ஃபெயில் விட்ட செய்தி எனக்கு முன்னமே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். "என்ன சுகிர்தா, லைசன்ஸ் எடுத்தாச்சோ?" கலியாண வீட்டில் கேட்டார்கள், செத்த வீட்டில் கேட்டார்கள், கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றபோதும் காதுக்குள் வந்து கேட்டார்கள். மூன்று தரம் ஃபெயில். நாலாம் தரம் பாஸ் பண்ணியபோது ஒரு சனமும் கேட்கவில்லை.

இந்த முறை முதலில் நீந்துவது. பிறகு பார்க்கலாம்.

14 ஆகஸ்ட், வியாழன்

ருமைஸா போன கிழமை சொன்னது மண்டைக்குள்ளேயே நிற்கிறது. "குளத்துல நீந்துறது நீச்சலில்ல அக்கா. சுவரில்லாத தண்ணியில, கால் எட்டாத எடத்துல ஒருக்கா நீந்திட்டு வாங்க. அப்பதான் ஒங்களுக்கே நம்பிக்க வரும்."

எங்கே போவது? கடல் சரிவராது. அலை ஒரு பக்கம், எங்கட ஆக்கள் மறுபக்கம். சிட்னியில் எந்தக் கடற்கரையில் துவாயை விரித்தாலும் பத்து நிமிடத்தில் யாராவது கட்லெட்டோடு வந்து பக்கத்தில் இருப்பார்கள்.

இன்றைக்கு பிளாக்டவுனில், எங்கள் கிளினிக்கில், ஒரு ஐயாவுக்கு இரத்தம் எடுக்க ஊசியோடு நின்றபோது சுவரிலிருந்த கலண்டர் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் சிவந்த பாறைச் சுவர், நடுவில் அசையாமல் கிடக்கிற கறுத்த தண்ணீர். ஓர்மிஸ்டன் கோர்ஜ் என்று கீழே போட்டிருந்தது. பாலைவனத்துக்கு நடுவே, ஆறு மலையைப் பிளந்துகொண்டு போன இடமாம். ஐயா, "குத்திப்போட்டியளோ பிள்ளை?" என்று இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

பாலைவனம். அங்கே கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை, பழைய மாணவர் சங்கம் இல்லை. எங்கட ஆக்கள் என்னத்துக்கு அங்கே வரப்போகிறார்கள்?

17 ஆகஸ்ட், ஞாயிறு

சிறிதரன் ஓம் என்றுவிட்டார். ஒக்டோபர் நீண்ட வாரவிடுமுறைக்கு, ஓர்மிஸ்டனுக்குப் போக இறங்கவேண்டிய அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு, இரண்டு பேருக்கு விமானம் பதிந்தாயிற்று. அவர் நடப்பாராம், படம் எடுப்பாராம். நான் "சும்மா காலை நனைப்பன்" என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டே பேர். பிள்ளைகள் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை. எனக்கு இந்த வயதில் வெட்கம்கூட வந்தது.

23 ஆகஸ்ட், சனி

எனக்கு இருக்கிற கோபத்தில் எழுத்து ஓடமாட்டேன் என்கிறது.

பாஸ்கர் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போனோம். பாஸ்கரும் நாகலட்சுமியும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், அவருக்கு ஐடி வேலை. நல்ல சனம். சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு விடுமுறைக்கு வந்தது. இவர் ஓர்மிஸ்டன் கதையை எடுத்தார். எடுத்ததோடு விட்டிருக்கலாம். விட்டாரா? வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் வாங்கோவன்" என்றார்.

அது ஒரு மரியாதைக்குச் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் வாசல் படலையைத் தாண்டிப் போகிறவனைக்கூட "வாங்கோ, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று கூப்பிடுவோம், அவனும் "இல்லை, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு நடப்பான். அவன் உண்மையாக உள்ளே வந்து இருந்துவிட்டால் குசினிக்குள் ஆள் ஓடவேண்டிவரும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாஸ்கருக்குத் தெரியாது.

"கண்டிப்பா வர்றோம் அண்ணே" என்றார். பாயசம் வருமுன் ஃபோனிலேயே டிக்கெட் போட்டுவிட்டார். எங்கட அதே பிளேன். எங்களுக்குப் பின் வரிசை.

காருக்குள் ஏறியதும் கேட்டேன், ஏனப்பா கூப்பிட்டனீங்கள் எண்டு. "நான் எங்க கூப்பிட்டனான், சும்மா சொன்னனான்" என்கிறார். சும்மா சொன்னாராம். பேசாமல் படுத்திருக்கிறார் இப்ப. குறட்டை வேற.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் அரியரத்தினம் அண்ணர். எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற சேர்வேயர், டூங்கபியில் எந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். பாஸ்கர் மூலம் கதை போயிருக்கிறது. "ஒரு சொல்லுச் சொல்லேல்லை, தங்கச்சி" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

சிறிதரன் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதவும் வேண்டுமா?

6 செப்டெம்பர், சனி

மல்லாந்து மிதக்கப் பழகினேன். காதுக்குள் தண்ணீர் போனதும் உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுவிடுகிறது. இதற்காகவே தினமும் மிதக்கலாம்.

வெளியே வந்து ஃபோனைப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் புதுக் குழு, பெயர் "பாலைவனப் படை". பாஸ்கர் ஒரு தண்ணீர் புகாத கமரா, கழுத்தில் தொங்கவிடுகிற தண்ணீர் புகாத பை, நீச்சல் கண்ணாடியோடு வருகிற மூச்சுக்குழாய் எல்லாம் வாங்கிவிட்டார். "நான் தாமிரபரணியில குதிச்சு வளந்தவன்" என்று எழுதியிருக்கிறார். அரியரத்தினம் அண்ணர் சும்மா இருப்பாரா? தான் வல்வெட்டித்துறைக் கடலில் கட்டுமரத்துக்குப் போட்டியாக நீந்தினவராம்.

ஆக இரண்டு நீச்சல் வீரர்கள் கரையில் நின்று பார்க்க, நான் நாய் நீச்சல் அடிக்கவேண்டும். கார் ஓட்டச் சோதனையில் ஒரு சோதகர்தான் பக்கத்தில் இருந்தார்.

20 செப்டெம்பர், சனி

புரட்டாசிச் சனி. எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகாமல் குளத்துக்குப் போனேன், சனீஸ்வரன் கையோடு தண்டித்துவிட்டார்.

ஆழமான பக்கத்துக்கு ருமைஸா கூட்டிக்கொண்டு போனாள். நடுவில் போனதும் காலைக் கீழே விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைக் கால் தொட்டதும் நெஞ்சு அடைத்துவிட்டது. தண்ணீரை விழுங்கி, ருமைஸாவின் கழுத்தைப் பிடித்து, இரண்டு பேரும் அமிழ்ந்து, அவளுடைய நீச்சல் தொப்பியையும் பிய்த்துவிட்டேன். நல்ல காலம், திரை போட்டிருந்தது.

படியில் இருத்தி வைத்துச் சொன்னாள்: "தண்ணியோட சண்ட புடிக்காதீங்க அக்கா. அது ஒங்களத் தூக்கத்தான் நிக்கிது. நீங்கதான் நம்பமாட்டேங்கிறீங்க."

இப்படியே இருந்தால் நான் குளத்துக்குள் நீந்துகிற ஆள்தான். கம்பியை விட்டும் விடாதமாதிரி. பாலைவனத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், கால் எட்டாத தண்ணீரைத் தாண்டிவிடவேண்டும். யாரும் பார்க்காமல் தாண்டவேண்டும். பார்த்தால் எனக்கு ஏலாது. எனக்கு என்னைத் தெரியும்.

2 ஒக்டோபர், வியாழன்

விஜயதசமி. பெட்டி அடுக்கியாயிற்று. நீச்சல் உடுப்பை, முழுக்கையும் முழங்காலும் மூடுகிற அந்தக் கடும்நீல உடுப்பை, ஒரு சேலைக்குள் சுற்றி வைத்தேன். பாலைவனத்துக்கு எதற்குச் சேலை என்று சிறிதரன் கேட்டார். விஜயதசமிக்கு என்றேன். அதையும் நம்பினார்.

3 ஒக்டோபர், வெள்ளி

அலிஸ் ஸ்பிரிங்ஸ். மண் செங்கல் நிறம், வானம் அப்படியொரு நீலம். பகலில் நெருப்பு வெயில், இரவானதும் குளிர். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது.

அரியரத்தினம் அண்ணர் களைத்தால் குந்துவதற்கு மடக்குக் கதிரை ஒன்றை விமானத்தில் கொண்டுவந்திருக்கிறார். நாகலட்சுமி மோட்டல் அறைக்குள் ரைஸ் குக்கர் வைத்து, நாளைக்குப் புளியோதரை கட்டுகிறாள். "புரட்டாசி மாசம் அக்கா, வெளிய எதையும் நம்ப முடியாது" என்றாள். இந்த ஊரில் அவளுடைய புளிதான் முதல் புளியாக இருக்கும்.

என் திட்டம்: காலையில் எல்லோரும் நடப்பது, திரும்பிவந்து மரத்தடியில் புளியோதரை சாப்பிடுவது. புளியோதரை சாப்பிட்ட ஆண்கள் கட்டாயம் நித்திரை கொள்வார்கள். நாகலட்சுமியும் பாத்திரத்தைத் தலைக்கு வைத்துப் படுப்பாள். அப்போது நான் தண்ணீருக்குள்.

4 ஒக்டோபர், சனி, விடிய

சல்வாருக்குள்ளே நீச்சல் உடுப்பைப் போட்டாயிற்று. இப்போதே வியர்க்கிறது. கழிப்பறைக்குப் போவதென்றால் பெரிய வேலை. அதனால் தேத்தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டேன். "என்ன, சுகமில்லையோ?" என்று இவர் கவலைப்படுகிறார்.

அதே நாள், இரவு

எங்கே தொடங்குவது? பலகையில் தொடங்குகிறேன்.

ஓர்மிஸ்டனில் நடைபாதை வட்டமாகப் போகிறது. கார் நிற்கிற இடத்தில் தொடங்கி, மலை ஏறி இறங்கி, மலைகள் சூழ்ந்த பெரிய வெளி ஒன்றைக் கடந்து, கடைசியில் ஆற்றுப்படுக்கை வழியாகப் பாறை இடுக்குக்குள் நுழைந்து, காருக்கே திரும்பி வரவேண்டும். தொடக்கத்திலேயே ஒரு பலகையில், இடுக்கின் முடிவில் தண்ணீர் ஆழமாக நிற்கிறது, நீந்தக்கூடியவர்கள் மட்டும் அந்த வழியால் வெளியேறலாம், மற்றவர்கள் வந்த வழியே திரும்பவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

அரியரத்தினம் அண்ணர் தடியால் பலகையைத் தட்டினார். "இவங்கள் எல்லாத்துக்கும் போர்ட் போடுவாங்கள். முழங்காலளவு தண்ணிதான் நிக்கும்."

"நீச்சல் தெரியாதவங்க யாரு இருக்கா இங்க?" என்று பாஸ்கர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நாகலட்சுமி மட்டும் தண்ணீர்ப் போத்தலை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

புளியோதரையைக் காரிலேயே விட்டுவிட்டு, பிஸ்கட்டோடும் தண்ணீரோடும் நடந்தோம். நடை அருமையான நடை. வெள்ளைத் தண்டு மரங்கள் சிவப்புப் பாறையில் வேர் பிடித்து நிற்கின்றன. மேலே ஏறியதும் சுற்றிவர மலை, நடுவில் ஒரு வீடுகூட இல்லாத வெளி. சிறிதரன் படம் எடுத்துக்கொண்டே வந்தார். அரியரத்தினம் அண்ணர் எந்த மலை எத்தனை உயரம் என்று கேட்காமலே சொன்னார். எனக்கு உள்ளுடுப்பு முதுகோடு ஒட்டி அவிந்துகொண்டிருந்தது. தண்ணீரை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மத்தியானம் கிட்ட இடுக்குக்குள் நுழைந்தோம். குளிர்ந்த நிழல். இரண்டு பக்கமும் சுவர். ஒரு வளைவு திரும்பியதும் பாதை முடிந்துவிட்டது. சுவரிலிருந்து சுவர்வரை தண்ணீர். கலண்டரில் பார்த்த அதே கறுத்த தண்ணீர். ஒரு கலியாண மண்டபத்தின் நீளம் இருக்கும். அந்தப் பக்கம் மணல், மணலில் துவாய் விரித்த வெள்ளைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கார் நிற்கிற இடத்துக்குப் போகும் பாதை. காருக்குள் புளியோதரை.

அரியரத்தினம் அண்ணர் தடியைத் தண்ணீருக்குள் விட்டார். தடி முழுக்கப் போய்விட்டது.

இன்னொரு இடத்தில் விட்டுப் பார்த்தார், அங்கேயும் போய்விட்டது.

பாஸ்கர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கினார், இறங்கின வேகத்திலேயே ஏறினார். "ஐஸ் மாதிரி இருக்குண்ணே. இந்தக் குளிர்ல இறங்கினா ஹார்ட்டுக்கே ஆகாது."

"எனக்குக் குளிர் ஒண்டுமில்லை" என்றார் அரியரத்தினம் அண்ணர். "ஆனா இது நல்ல தண்ணி. நல்ல தண்ணி ஆளைத் தூக்காது. உப்புத் தண்ணி எண்டால் நான் இப்ப அங்கால நிப்பன்."

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றார் சிறிதரன். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் ஒரு அன்பு வந்தது.

"எனக்கும் தெரியாதுங்க. இவருக்கும் தெரியாது, அவர் சொல்லமாட்டார்" என்றாள் நாகலட்சுமி. பாஸ்கர் கமராவைத் துடைக்கத் தொடங்கினார்.

திரும்பி நடப்பது என்று முடிவாயிற்று. வந்த தூரம் முழுக்க. சாப்பாடு பின்னேரம்தான். எல்லோரும் பைகளைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

நாளைக்கு அரியரத்தினம் அண்ணரின் ஏற்பாட்டில் பழைய சாமான் பார்க்கிற நூதனசாலை. மறுநாள் விமானம். திரும்பி நடந்தால் காரடிக்குப் போகப் பொழுது சாய்ந்துவிடும். பிறகு எப்போது? இந்தத் தண்ணீருக்காகத்தானே இவ்வளவு பொய்யும் சொன்னேன். இப்போது அது காலடியில் கிடக்கிறது. என் பின்னால் நாலு பேர், எட்டுக் கண். ஏலாது, சுகி, திரும்பி நட என்று மனம் சொன்னது. ஏன் நடக்கவேணும்? நான் ஏன் நடக்கவேணும்? நீந்தத் தெரிஞ்சவள் நான் ஒருத்திதானே?

"நீங்கள் போங்கோ. நான் இப்பிடியே வாறன்" என்றேன்.

"எப்பிடியே?" என்றார் சிறிதரன்.

"இப்பிடியே" என்று தண்ணீரைக் காட்டினேன். சல்வாரைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தேன். உள்ளே நீல உடுப்பைக் கண்டதும் மனுசன் வாயைத் திறந்தபடி நின்றார். அரியரத்தினம் அண்ணர் மரியாதையாகப் பாறைப் பக்கம் திரும்பினார். பிறகு, ஆலோசனை சொல்லவேண்டுமே என்று, இந்தப் பக்கமே திரும்பிவிட்டார்.

நாகலட்சுமிதான் நிலைமையை முதலில் பிடித்துக்கொண்டாள். பாஸ்கரின் கழுத்திலிருந்த தண்ணீர் புகாத பையைக் கழற்றி, காரைத் திறக்கிற திறப்பை உள்ளே போட்டு, என் கழுத்தில் மாட்டினாள். "பின் சீட்டுல தூக்குவாளி இருக்கு. எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, சாப்பிடுங்க."

இறங்கினேன். குளிர் என்றால் அப்படிக் குளிர். மூச்சு உள்ளே போய் வெளியே வரமாட்டேன் என்றது. நாலைந்து வீச்சு போனதும் காலுக்குக் கீழே மணல் முடிந்தது. அந்த ஒன்றுமில்லை. கை கால் தாறுமாறாக அடித்தது. பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். "வலக்கை, தங்கச்சி, வலக்கையை நீட்டும்!" "அக்கா, கொஞ்சம் இங்க திரும்புங்க, வீடியோ எடுக்குறேன்." "சுகி, ஏலாட்டித் திரும்பி வாரும். சுகி!" பாறைச் சுவரில் பட்டு ஒவ்வொரு குரலும் இரண்டு தரம் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. நடுத்தண்ணீரில், கால் எட்டாத இடத்தில், சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் வந்தது. முழங்காலோடு ஏறின மனுசன் வீடியோ எடுக்கிறாராம். நல்ல தண்ணியில் மிதக்காத மனுசன் வலக்கை சொல்கிறாராம். அந்தக் கோபத்தில் பயத்தை மறந்துபோனேன். காதைத் தண்ணீருக்குள் விட்டேன். சத்தம் நின்றது. கையைப் போட்டேன், காலை அடித்தேன், கையைப் போட்டேன். கால்விரலில் மணல் தட்டியது.

மணலில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி நிமிர்ந்து, நல்ல குளிர், என்ன, என்றாள். ஓம் என்றேன். அவள் மறுபடியும் புத்தகத்துக்குள் போய்விட்டாள். இப்படி ஒரு பார்வையாளர்தான் எனக்கு வேண்டும்.

அக்கரையில் கை தட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக வளைவில் மறைந்தார்கள். சிறிதரன் கடைசி ஆள். என் சல்வாரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கை காட்டினேன்.

அவர்கள் மறைந்ததும்தான் விளங்கியது. மலை ஏறி, வெளி கடந்து, மலை இறங்கி வரவேண்டும். பின்னேரம்வரை இந்தத் தண்ணீரில் எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை.

காரைத் திறந்து ஒரு தட்டுப் புளியோதரை சாப்பிட்டேன். நிலக்கடலை நிறையப் போட்டிருந்தாள். நிழலில் ஆறுதலாக இருந்துவிட்டுத் திரும்பப் போய் இறங்கினேன். இந்த முறை குளிர் அவ்வளவாகத் தெரியவில்லை. நடுவரை போனேன். ஒன்றுமில்லாத இடத்தில் காலைத் தொங்கவிட்டேன், தொங்கியது, அவ்வளவுதான். மல்லாந்து கிடந்தேன். மேலே இரண்டு சிவப்புச் சுவர்களுக்கு நடுவில் வானம் ஒரு சேலைக் கரைபோல ஓடியது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. சந்தோசமாக இருந்தது. வேறு சொல் தெரியவில்லை. கொஞ்சம் அழுதேன், தண்ணீருக்குள் அழுவதில் ஒரு வசதி இருக்கிறது.

போனேன், வந்தேன், போனேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு அவர்கள் காரடிக்கு வந்து சேர்ந்தார்கள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு, வண்டியிலேயே விட்டுப்போன மடக்குக் கதிரையில் இருந்தேன். பாஸ்கர் நொண்டினார். அரியரத்தினம் அண்ணர், அந்தப் பலகையில் எழுத்து சரியான சின்னது, கண்ணில் படவில்லை என்றார். சிறிதரன் நேரே என்னிடம் வந்து, கையைத் தொட்டுப் பார்த்தார்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம்."

"எப்ப பழகினீர்?"

"யோகாவில" என்றேன். என் நனைந்த தலையைப் பார்த்தார். பிறகு தரையில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மற்றவர்கள் பசியில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து, அவருக்கு முதலில் புளியோதரை போட்டார்கள்.

5 ஒக்டோபர், ஞாயிறு

நூதனசாலை. தோள் இரண்டும் நோகிறது. நல்ல நோ.

11 ஒக்டோபர், சனி

ருமைஸாவுக்குச் சொன்னேன். கட்டிப்பிடித்தாள். "யாரும் பாக்கல்லயே அக்கா?" என்று கேட்டாள். நாலு பேர் பார்த்தார்கள், ஆனால் நான் நீந்தினபோது ஒருவரும் பார்க்கவில்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு, "புதுத் தொப்பி ஒண்டு வாங்கித் தாங்க, பழசப் பிச்சிட்டீங்க" என்றாள்.

20 ஒக்டோபர், திங்கள்

தீபாவளி. கோயிலில் கதை எனக்கு முன்னமே வந்து நின்றது. ஒருவர் சொன்னதில் நான் பாஸ்கரைத் தலைமயிரில் பிடித்துக் கரை சேர்த்திருக்கிறேன். இன்னொருவர் சொன்னதில் முதலை வந்திருக்கிறது. அரியரத்தினம் அண்ணர், "வலக்கையை நீட்டச் சொன்னதே நான்தான்" என்று மடப்பள்ளி வாசலில் விளக்கிக்கொண்டிருந்தார். நாகலட்சுமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கரை தாண்டின கதையை எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிறிதரனுக்கு மட்டும், இரவு, விளக்கை அணைத்த பிறகு சொன்னேன். காலைத் தொங்கவிட்டது, வானம், அழுதது, எல்லாம். அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

"நான் அண்டைக்குத் திரும்பி நடக்கேக்க," என்றார், "நீர் அங்கால நிண்டீர். எனக்கு அங்கால வர ஏலாமல் போச்சு. அதுதான் யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன்."

26 ஒக்டோபர், ஞாயிறு

சிட்னியின் மேற்கு ஓரத்தில், பென்ரித் தாண்டி ஒரு நீச்சல் குளம். அவரே தேடிப் பிடித்தார், எங்கட ஆக்கள் வராத இடம் என்று. ஐம்பத்தாறு வயது, புதுக் காற்சட்டை, அதில் விலைத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியை விடச் சொல்லவில்லை. நாடியின் கீழே கையைக் கொடுத்துக் காலை நீட்டச் சொன்னேன். கால் மேலே வந்தது, உடனே பயத்தில் கீழே போனது, மறுபடி வந்தது.

"சுகி, ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

"சொல்லமாட்டன்."

நிமிர்ந்தபோது அடுத்த தடத்தில் பிரதீப்குமார். எங்கள் தெருக்காரர், மகளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார். எங்களைக் கண்டுவிட்டு, பல்லெல்லாம் தெரியக் கையைத் தூக்கினார். நான் தலையை மெல்ல ஆட்டி, இவரின் முதுகைக் காட்டினேன். பிரதீப்குமார் தூக்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

சிறிதரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காலை அடித்தபடியே கேட்டார்: "எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன். "நீங்கள் காலை அடியுங்கோ."